சார் ஓய்வு பெறும் வரை

எங்கள் ஊழியர் சங்க மலரில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. அதில் எழுதும்படி சுகன்யா கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். எனக்கு முப்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. மூத்தவனுக்கு நான்கு வயது, சின்னவள் இன்னும் தவழ்கிறாள். நான் ஓய்வு பெற்றவள் இல்லை, ராஜினாமா செய்தவள். அந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதுகிற நரைத்த தலைகளுக்கு நடுவே என் புகைப்படம் வந்தால் யாராவது சிரிப்பார்களோ என்றுகூட யோசித்தேன்.

பிறகு சுகன்யாவே ஒரு நாள் வேறு விஷயமாக போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா, ஒருத்தர் அப்பீல் குடுத்து பதிலே வரல. எத்தன ரிமைண்டர் போட்டப்புறம் ட்ரிப்யூனல் போகணும்?" என்று கேட்டாள். கேள்வியே தப்பு. ரிமைண்டருக்கும் தீர்ப்பாயத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது கோப்பெல்லாம் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. உத்தரவு மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. கையெழுத்து வாங்க வீடு தேடிப் போகிற வேலை குறைந்துவிட்டது. ஆனால் காலக்கெடு மட்டும் பழையபடியே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதலாமா கூடாதா என்று இந்த வரி வரைக்கும் சந்தேகம்தான்.

எங்கள் துறை மத்திய அரசைச் சேர்ந்தது. பெயர் வேண்டாம், மலரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மரக்காணம் உப்பளத்தை ஒட்டி எங்கள் கிளை அலுவலகம் இருந்தது. பாத்திகளுக்கு நடுவே துறைக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு பழைய கிடங்கும் உண்டு. நான் வானூர் பக்கத்துப் பெண். பட்டம் முடித்து, தேர்வு எழுதி, சென்னையில் சில வாரம் பயிற்சி எடுத்தேன். அந்தப் பயிற்சியில் எனக்கு இப்போது நினைவிருப்பது மதியச் சாப்பாடும், விதிமுறைப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொன்ன ஒரு வயதான பயிற்சியாளரும்தான். அதன் பிறகு இந்த அலுவலகத்தில் ஊழியர் விவகாரப் பிரிவில் எழுத்தர் வேலை. விடுப்பு, இடமாற்றம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, தண்டனை உத்தரவு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும், வரும். மார்ச் மாத வெயிலில் ஜன்னலைத் திறந்தால் உப்புக் குவியலின் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். ஜன்னலுக்கு எப்போதும் ஒரு பச்சைத் துணி தொங்கும்.

வேலை இப்படித்தான் நடக்கும். தண்டனை உத்தரவு மேலிடத்திலிருந்து இரண்டு பிரதியாக வரும். ஒன்றை ஊழியரிடம் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புவோம். அதையும் திருப்பி அனுப்பினால் இரண்டு சாட்சியோடு போய் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வருவோம். பெருமுக்கலில் இருந்த எங்கள் ஓட்டுநர் ஒருவர் மூன்று முறை தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினார். கதவில் ஒட்டப் போனபோது அவர் மனைவி வாசலில் நின்றார். நாங்கள் ஒட்டுவதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவரு பாக்கலன்னா ஆர்டரு செல்லாதும்மா. பாக்காத ஆர்டருக்கு எப்படி நாள் ஓடும்?" என்று என்னிடம் பொறுமையாகச் சொன்னார். நாள் ஓடியது. துறைக்குள் மேல்முறையீடு செய்ய நாற்பத்தைந்து நாள்தான். அது அந்தக் கதவில் தாள் வெயிலில் மஞ்சளாவதற்குள் முடிந்துபோனது.

மேல்முறையீடு செய்தவர்களுக்கு அடுத்த கெடு இது. மேல்முறையீட்டில் இறுதி உத்தரவு வந்தால் அன்றிலிருந்து ஓராண்டுக்குள், ஊழியர் வழக்குகளை விசாரிக்கிற சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருக்கலாம். அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. அவ்வளவுதான். நடுவில் பத்து நினைவூட்டல் மனு கொடுத்தாலும் கெடு ஒரு நாள்கூட நீளாது. தாமதமாகப் போனால் தகுந்த காரணம் சொல்லி மன்னிப்பு மனு போடலாம். காரணத்தை ஏற்பதும் ஏற்காததும் அவர்கள் கையில். மாநில அரசு ஊழியர்களுக்கு வழி வேறு. அதை நான் சொல்ல வரவில்லை.

எங்கள் கண்காணிப்பாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அவர் சார். பெயர் சொல்லி யாரும் குறிப்பிட்டதில்லை. மனு கொண்டு வருகிறவரை அவர் நிற்க வைத்ததே இல்லை. கடைநிலை ஊழியராக இருந்தாலும் நாற்காலியை அவரே இழுத்துப் போடுவார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மனுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். பிழை இருந்தால் பென்சிலால் திருத்துவார். கோபமான சொல் ஏதாவது இருந்தால் அதன் கீழ் மெல்லக் கோடு போட்டு, "இத மாத்திக்கலாமா?" என்று கேட்பார். என்னிடம் கொடுத்து மறுபடி தட்டச்சு செய்யச் சொல்வார். பிறகு முத்திரை குத்தி, தேதி போட்டு, சின்ன எழுத்தில் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை அவர்களிடமே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார். "சாயங்காலத்துக்குள்ள மேல போயிடும்பா" என்பார். போகும். அதில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. மனு கொடுக்க வந்தவர்கள் வேலை முடிந்துவிட்ட முகத்தோடு வெளியே போவார்கள். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நடக்கும் என்றும் சொன்னதில்லை. இதை நான் கவனிக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

எங்கள் அலுவலகத்தில் தீர்ப்பாயத்துக்குப் போவதை வழக்குப் போடுவது என்று சொல்ல மாட்டார்கள். 'சாரை எதிர்த்துப் போறது' என்றுதான் சொல்வார்கள். அதற்குக் காரணம் இருந்தது. வழக்கு மனுவில் செயலாளர், துறைத் தலைவர், மண்டல அதிகாரி என்று எதிர்மனுதாரர் வரிசை போகும். கடைசியில் கிளைக் கண்காணிப்பாளர் வருவார். தில்லியில் இருக்கிறவரை எதிர்ப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் தன் பெயருக்கு எதிரே, தன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்த மனிதர் வந்து நிற்பதை எங்கள் ஆட்களால் தாங்க முடியாது. சாருக்கு இடமாற்றம் வரட்டும், சார் ரிட்டயர் ஆகட்டும் என்று சொல்லிச் சொல்லியே கெடுவைத் தவற விட்டவர்கள் எனக்கு முன்னாலும் இருந்தார்கள்.

ஏழுமலை எங்கள் கிடங்குக் காவலர். ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். தினக்கூலியாக வந்தவரை நிரந்தரப் பணியாளராக ஆக்கச் சொல்லிக் குறிப்புமேல் குறிப்பு எழுதி, மண்டல அலுவலகத்துக்கு நேரில் நடையாய் நடந்து காரியத்தை முடித்தவர் சார். ஏழுமலை அண்ணா இதைப் புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்வார். என்னிடம் நான்கைந்து முறை சொல்லியிருப்பார்.

நான் முதல் பிரசவத்துக்கு விடுப்பில் போயிருந்த சமயத்தில் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. கூட இருக்க வேறு ஆள் இல்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. விடுப்பு விண்ணப்பமும் கொடுக்கவில்லை. மண்டலத்திலிருந்து திடீர்ச் சோதனைக்கு வந்த அதிகாரி கிடங்கில் ஆளில்லாததைப் பார்த்து எழுதிவிட்டார். குறிப்பாணை, விசாரணை, கடைசியில் பணிநீக்கம்.

விடுப்பை நீட்டித்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து நான் திரும்பி வந்தபோது உத்தரவு என் மேசையில் இருந்தது. கையெழுத்து வாங்க வேண்டியது என் வேலை. அவர் வாங்கிக்கொண்டார். தேதியையும் அவரே அழகாகப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "லீவு லெட்டர் எழுதணும்னு எனக்குத் தெரியாதாம்மா? சாருதான், 'போய் ஊட்டுக்காரிய பாருய்யா, இங்க நான் பாத்துக்கறேன்'னாரு. அவரு சொன்னப்புறம் பேப்பர் நீட்டுனா மரியாதையா இருக்குமா?" என்றார்.

விசாரணைக் கோப்பை அன்று முழுதாகப் படித்தேன். சாரைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை, விடுப்பு விண்ணப்பம் வரவில்லை என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தார். இரண்டும் உண்மை. வாய்மொழி அனுமதி கொடுத்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறீர்களா என்று ஏழுமலையைக் கேட்டிருக்கிறார்கள். 'கேள்வி இல்லை' என்று பதிவாகியிருந்தது.

சாரிடம் நேரில் கேட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். ஒரு எழுத்தர் கண்காணிப்பாளரிடம் கேட்கிற கேள்வியா அது என்று தோன்றும். ஏழுமலை அண்ணா சொன்னது பொய்யாக இருந்தால் சாரை அவமானப்படுத்தியதாகிவிடும். உண்மையாக இருந்தால் இன்னும் மோசம். சாருக்கு ஓய்வு பெறச் சுமார் இரண்டு வருடம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு குறிப்பாணை வந்தால் ஓய்வூதியத்துக்கே ஆபத்து. அது அவருக்கும் தெரியும், ஏழுமலைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மேல்முறையீட்டை நான்தான் தட்டச்சு செய்தேன். நாற்பத்தைந்து நாளுக்குள் போயிற்று. சார் நாற்காலி இழுத்துப் போட்டார், படித்தார், ஒரு பிழை திருத்தினார். மனைவியின் நோய், ஆஸ்பத்திரிச் சீட்டு, இத்தனை வருடச் சேவை எல்லாம் மனுவில் இருந்தன. அனுமதி பெற்றுத்தான் போனேன் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. படித்து முடித்த பிறகு சார் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முத்திரையை எடுத்தார்.

பதில் வரவில்லை. ஏழுமலை அண்ணா உப்பளத்தில் கூலிக்குப் போக ஆரம்பித்தார். பாத்தியில் இறங்கி உப்பு வாரும் வேலை. கால் வெடித்துப் புண்ணாகும் என்பதால் பழைய சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு வருவார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சட்டை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து ஒரு நினைவூட்டல் மனு கொடுப்பார். சார் எழுந்து நாற்காலி போடுவார். வீட்டுக்காரம்மா எப்படியிருக்கிறார் என்று விசாரிப்பார். மனு சாயங்காலத்துக்குள் மேலே போகும்.

ஆறு மாதம் முடிந்ததும் நான் ஏழுமலை அண்ணாவை வெளியே புங்க மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். இன்றிலிருந்து ஓராண்டு, அதற்குள் சென்னைக்குப் போய்விட வேண்டும், இந்த மனுக்களால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு எதிராக ஆள் கிளப்புகிறேனோ என்று பயமாகத்தான் இருந்தது. அவர் தலையாட்டினார். சங்கத்திலிருந்து ஒரு வக்கீல் முகவரியும் வாங்கிக் கொடுத்தேன். போகவில்லை.

ஓராண்டு முடிய ஒரு மாதம் இருந்தபோது மறுபடி சொன்னேன். அன்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏண்ணா, இன்னும் எதுக்கு காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"சாரு ரிட்டயர் ஆவட்டும்மா. இன்னும் அஞ்சாறு மாசந்தான."

"அதுக்குள்ள உங்க டைம் முடிஞ்சிடும்ணா."

"கேஸுன்னு போனா உண்மைய சொல்லித்தான ஆவணும்? நான் என்ன சொல்லுவேன், சாரு சொல்லித்தான் போனேன்னு சொல்லுவேன். நாளைக்கி அவரு பென்ஷன நிறுத்திட்டான்னா? இந்த வேலையே அவரு போட்ட பிச்சை. அவரு போயிட்டா அந்த நாற்காலில வேற ஆளு. எதிர்ல அவரு பேரு இருக்காது. நாலஞ்சு மாசம் லேட்டானா கோர்ட்டுல ஒத்துக்குவாங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரு."

"வக்கீலப் பாத்தீங்களா?"

"போன்ல பேசினேன். காரணம் நல்லா இருந்தா ஒத்துக்குவாங்களாம்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போக முடியும் என்று அன்று நினைத்தேன். இப்போது சில நாள் வேறு மாதிரியும் நினைக்கிறேன். ஆனால் அப்போது என் இரண்டு வயதுப் பையனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் வீட்டில் அம்மா தனியாகத் திண்டாடுவார். என் கவலை பாதி அங்கே இருந்தது.

சாருக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. கிடங்குக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தோம். ஏழுமலை அண்ணாவை யாரும் அழைக்கவில்லை, ஆனால் வந்தார். ரோஜா மாலை வாங்கி வந்திருந்தார். மேடையேறிப் போடும்போது சார் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மைக் பக்கத்தில் இருந்தும் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பிறகு ஏழுமலை அண்ணா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, கேசரியும் மிக்சரும் சாப்பிட்டுவிட்டு, தட்டை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே சென்னைக்குப் போய் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். மூல மனுவோடு தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கு நகல் வந்தது. அப்போது நான் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தேன், ஆறாம் மாதம்.

நகலைப் படித்தேன். மூல மனுவில், அப்போதைய மேலதிகாரி வாய்மொழியாக அனுமதித்ததால் சென்றேன் என்று ஒரு பத்தி இருந்தது. பெயர் இல்லை. அது சரி. ஆனால் தாமத மன்னிப்பு மனுவில் வேறு காரணம் எழுதியிருந்தார்கள். நினைவூட்டல் மனுக்கள் கொடுத்தாலே போதும், கெடு ஓடாது என்று ஊழியர் விவகாரப் பிரிவு எழுத்தர் தவறாகச் சொன்னதால் மனுதாரர் ஏமாந்துவிட்டார் என்று இருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். கீழே ஏழுமலை என்று தமிழில் கையெழுத்து. படிக்காமல் போட்ட கையெழுத்து என்று பார்த்தாலே தெரிந்தது.

புதிய கண்காணிப்பாளர் என்னை அழைத்துக் கேட்டார். நான் சரியாகத்தான் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன் என்றேன். "அப்ப அதையே பதிலுரையில போடுங்கம்மா. உங்களுக்கும் நல்லது" என்றார். வரைவு எழுதினேன். மனுதாரருக்குக் கெடு பற்றி எழுத்தர் நேரில் தெரிவித்தார் என்று ஒரு வரி. அது உண்மை. என்னைக் காப்பாற்றுகிற உண்மை. ஆனால் அந்த வரி தீர்ப்பாயத்துக்குப் போனால் ஏழுமலை அண்ணாவுக்கு வேறு காரணமே இல்லை. மறுநாள் காலையில் அந்த வரியை எடுத்துவிட்டு, நினைவூட்டல் மனுக்கள் கெடுவை நீட்டிக்காது என்ற சட்ட நிலையை மட்டும் வைத்துக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் படித்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கடமை தவறினேனா என்று அப்போதும் குழப்பம், இப்போதும் குழப்பம். என் மேல் ஒரு பழி விழுந்து, அதனால் அந்த மனிதர் உள்ளே போக முடிந்தால் போகட்டும் என்று இருந்தது. துறை என்னைக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பயம் இல்லாமல் இல்லை.

விசாரணை அன்று கோப்போடு நான்தான் சென்னைக்குப் போனேன். அரசு வக்கீலுக்கு உதவ அலுவலகத்திலிருந்து ஒருவர் போக வேண்டும், கோப்பு தெரிந்தவள் நான் ஒருத்தி. தீர்ப்பாயத்தில் நீதிமன்றம் போல் கூட்டமில்லை. மரநாற்காலிகள், நல்ல குளிர்சாதனம், தாழ்ந்த குரல்கள். ஏழுமலை அண்ணா வெளுத்த சட்டை போட்டு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்லித் தன் நாற்காலியைக் காட்டினார். நான் எதிர்த்தரப்பு என்பதே அவர் நினைவில் இல்லை.

அவருடைய வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடினார். தாமதம் சில மாதம்தான், ஏழைத் தொழிலாளி, அலுவலகமே தவறாக வழிகாட்டியது என்றார். நீதிபதிகளாக அமர்ந்திருந்த உறுப்பினர்களில் ஒருவர் கண்ணாடிக்கு மேலாக ஏழுமலை அண்ணாவைப் பார்த்தார். இரக்கமுள்ள முகம். அதை நான் சொல்லியாக வேண்டும். வக்கீலை நிறுத்திவிட்டு அவரே தமிழில் கேட்டார்.

"இங்க வாங்க. உங்க ஆபீஸ் கிளார்க், மனு குடுத்துக்கிட்டே இருந்தா போதும்னு உங்ககிட்ட தப்பா சொன்னாங்கன்னு போட்டிருக்கீங்க. சரிதானே?"

ஏழுமலை அண்ணாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வக்கீலைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று நான் தலையை அசைத்தேனா, அசைக்க நினைத்தேனா என்று இன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"இல்லீங்க ஐயா. அந்தப் பொண்ணு கரெக்டாத்தான் சொல்லிச்சு. ரெண்டு வாட்டி சொல்லிச்சு."

வக்கீல் கையிலிருந்த காகிதங்களை மேசையில் வைத்தார். உறுப்பினருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வருஷத்துக்குள்ள வரல? என்ன காரணம்? சொல்லுங்க, எழுதிக்கறோம்."

இதைவிட அகலமாக யாரும் கதவைத் திறந்து வைக்க முடியாது. மேலதிகாரி ஓய்வு பெறும் வரை காத்திருந்தேன், அவர்தான் என்னைப் போகச் சொன்னவர், அவர் பென்ஷனுக்கு ஆபத்து வரக்கூடாது என்று இருந்தேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஏற்றிருப்பார்களோ இல்லையோ, கேட்டிருப்பார்கள். மூல மனுவில் அந்தப் பத்தி இருக்கிற பக்கத்தைத் திருப்பியாவது பார்த்திருப்பார்கள். ஏழுமலை அண்ணா முன்னால் இருந்த மரத்தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்களில் உப்பு அரித்த வெள்ளைத் தழும்புகள் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன.

"வரலீங்க ஐயா" என்றார்.

"அதான், ஏன் வரல?"

"வரலீங்க."

தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டப்படவில்லை என்று தள்ளுபடி செய்தார்கள். காரணம் சரியில்லாததால் தாமத மனு போயிற்று, தாமத மனு போனதால் மூல மனுவும் போயிற்று. அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஒன்றாகத்தான் வந்தோம். ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். உயர் நீதிமன்றம் போகலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. சாப்பிட்டாயா, மாத்திரை எடுத்துக்கொண்டாயா என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தார். கோவளம் தாண்டிய பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? உம்மேல எழுதி வெச்சிருக்கான். வயித்துல புள்ளய வெச்சிக்கினு நீ எங்க போயி பதில் சொல்லிக்கினு இருப்ப?"

"சரி, என்னை விடுங்க. சாரைப் பத்தியாவது சொல்லியிருக்கலாம்ல? அவருதான் ரிட்டயர் ஆயிட்டாரே. அதுக்குத்தானே இத்தன நாள் இருந்தீங்க?"

அவர் வெளியே பார்த்தார்.

"அதான் நானும் நெனச்சிக்கினு போனேன். அங்க நின்னதும் வாய் வரலம்மா. மனுஷன் எதிர்ல இருந்தா, ஆமாய்யான்னோ இல்லய்யான்னோ சொல்லுவாரு. இல்லாத எடத்துல அவர் மேல எப்படி சொல்றது?"

சார் இருந்தவரை, அவர் இருக்கிறார் என்பதால் ஏழுமலை அண்ணா சொல்லவில்லை. சார் போன பிறகு, அவர் இல்லை என்பதால் சொல்லவில்லை. எனக்கு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிள்ளை உள்ளே உதைத்தது.

மரக்காணம் நெருங்கும்போது, உப்புக் குவியல்கள் தெரிய ஆரம்பித்த பிறகு, அவர் மெதுவாகச் சொன்னார்.

"சாரு ஒன்கிட்ட கேப்பாரு. கேஸு நடந்துக்கினு இருக்குதுன்னு சொல்லிடும்மா. போயிடுச்சின்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சி போயிடுவாரு."

சரி என்றேன். எனக்குப் பொய் சரளமாக வராது. என்ன வார்த்தையில் சொல்வது, அடுத்த தேதி எப்போது என்று கேட்டால் என்ன சொல்வது என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை சார் போன் செய்தார். பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது மாதம், இவ்வளவு தூரம் பஸ்ஸில் போகலாமா, மாமியார் வந்திருக்கிறாரா என்று வரிசையாக விசாரித்தார். அதே பழைய மெல்லிய குரல். எதிரே இருந்தால் நாற்காலி இழுத்துப் போட்டிருப்பார். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டார்.

"நேத்து கோர்ட்டுல... எம்பேரு எங்கயாவது வந்துச்சாம்மா?"

அதுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாமல் இருந்த ஒன்று அந்தக் கேள்வியில் தெரிந்துபோனது.

"இல்ல சார். வரல" என்றேன். அது உண்மைதான்.

"ஓ" என்றார். மூச்சு விடுவது கேட்டது. "சரிம்மா. ஒடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.